வரவு: நாட்டுக்கோழி முட்டை ஒன்று

பாளையங்கோட்டையிலிருந்து பொறியாளர் வந்தார்.
கோபுர விரிசலின் ஆழம் பார்க்க
ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகினார்.
உள்ளே விழுந்துவிட்டது.
சீரமைப்பு நிதிக்கு முதல் காணிக்கை அதுதான்,
ரசீது போடவில்லை.

நாற்பத்தெட்டு லட்சம் என்று எழுதிக் கொடுத்தார்.
தயாபரபுரம் சபையில் தலைக்கட்டு நூற்றுப் பன்னிரண்டு,
அதில் பூட்டிய வீடு நாற்பது.
கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு வருஷம்
அடுத்தவர் பணத்தை எண்ணியவன் நான்.
வகுத்துப் பார்த்துவிட்டுத்
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

மஸ்கட்டிலிருந்து ஆசீர்பாதம் மகன் பேசினான்:
"இடிச்சிருங்க மாமா.
ஏசி வச்சு, லிப்ட் வச்சுப் புதுசாக் கட்டுவோம்,
முழுச் செலவும் நான்.
வாசல்ல அப்பா பேரு மட்டும்,
கறுப்புக் கிரானைட்ல."

அன்றைக்குக் கமிட்டியில் யாரும் காப்பியைத் தொடவில்லை.
ஜெபம் பண்ணலாம் என்றார் ஐயரவாள்.
மூடிய கண்ணுக்குள்
ஆளாளுக்கு ஒரு கட்டடம்.
பிறகு சீட்டுப் போட்டோம்.
பழசே நிற்கட்டும் என்று ஆறு.
இடிக்கலாம் என்று ஐந்து.
ஐந்தில் ஒன்று என்னுடையது.
இதை இங்கே தவிர எங்கும் சொன்னதில்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்தவை
பூசணி, ஒரு கொட்டான் கருப்பட்டி,
கால் கட்டிய சேவல்,
பீடி சுற்றும் குணசீலி
முந்தானையில் பொதிந்து கொண்டுவந்த முட்டை.

முட்டை ஐம்பதில் தொடங்கியது.
எடுத்தவர் கொண்டுபோகவில்லை,
"திருப்பி விடுங்க" என்றார்.
இருநூறு. திருப்பி விடுங்க.
எழுநூறு. திருப்பி விடுங்க.
எதிர் இரும்புக்கடை இசக்கிதுரை
எங்கள் சபையே இல்லை,
"உங்க மணியடிச்சாத்தான்வே நான் கடை திறக்கேன்" என்று
இரண்டாயிரத்தில் நின்றார்.
மஸ்கட்காரன் வீடியோவில் கை தூக்கினான்.
படம் உறைந்தது.
தூக்கிய கை தூக்கியபடியே இருக்க
ஏலம் தன்பாட்டுக்கு ஏறியது.
ஐயாயிரத்தில் அடித்தார்கள்.
நான்கு மாதமாய் யாரோடும் பேசாதவன்
மறுநாள் அனுப்பியும் விட்டான்.

ஒரே முட்டை, கைமாறிக் கைமாறி
இருபத்துமூவாயிரத்து அறுநூற்றைம்பது.
கடைசியில் அதை எடுத்துப்போக ஆளில்லை.
பொருளாளர் பொறுப்பு என்றார்கள்.
எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் வைத்தேன்.

திருமண்டலத்தில் கையெழுத்தாக
இன்னும் நான்கு மாதம்.

காரைவேலைக்கு வந்த உச்சிமாகாளி
தேவையான சாமான்களைச் சொன்னார்:
சுண்ணாம்பு, ஆற்றுமணல், கடுக்காய்த் தண்ணி,
கருப்பட்டி,
வெளிப்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு.
"எத்தனை முட்டை?"
"ரெண்டாயிரம் சொல்லிவைங்க."

நாமக்கல் முட்டை ஐந்து ரூபாய் எண்பது காசு.
கணக்குப் போட்டேன்.
குணசீலியின் ஒரு முட்டை
நாலாயிரம் முட்டை இட்டிருக்கிறது.
மனைவியிடம் சொன்னேன்.
"மொதல்ல அந்தச் சனியனை வெளியே எடுங்க" என்றாள்.

உச்சிமாகாளி காதருகே வைத்துக் குலுக்கினார்.
"கெட்டுப்போச்சு."
"அப்போ வேண்டாமா?"
"சுண்ணாம்புக்கு மூக்கு கிடையாது அண்ணாச்சி"
என்று தொட்டி விளிம்பில் தட்டினார்.

ஆறும் ஐந்தும்
மூக்கைப் பொத்திக்கொண்டு
ஒரே பக்கமாக ஓடினோம்.
ஐயரவாள் எங்களுக்கு முன்னால்.

முப்பத்தொரு லட்சம் இன்னும் துண்டு விழுகிறது.
ஐப்பசி மழைக்குள்
மேற்குச் சுவர் மட்டும் தேறும்.
தேரிக்காற்று செம்மண்ணைக் கொண்டுவந்து
வெள்ளைப் பூச்சில் அப்புகிறது, அப்பட்டும்.

சுவரின் தென்கோடியில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே
அந்த முதல் தொட்டிக் கலவை.
பேர் எதுவும் வெட்டவில்லை.
நாற்றம் போய் நாளாயிற்று.
ஆனாலும் காலையில் சாவியோடு போகையில்
அந்த இடத்தில் மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.